சண்டைக்குப் போகாத காளை

ஸ்பெயினில் ராணுவத் தளபதிகள் கலகம் செய்து உள்நாட்டு யுத்தத்தை மூட்டிவிட்டது 1936 ஜூலையில். இரண்டு மாதம் கழித்து, செப்டம்பரில், அமெரிக்காவில் ஒரு குழந்தைகள் படப் புஸ்தகம் வெளிவந்தது. கதாநாயகன் ஒரு ஸ்பானியக் காளை. பெயர் பெர்டினாண்ட். எழுதியவர் மன்ரோ லீப். படம் போட்டவர் அவருடைய நண்பர் ராபர்ட் லாஸன்.

கதையை நாலு வரியில் சொல்லிவிடலாம். மற்றக் கன்றுகள் முட்டி மோதி விளையாடும்போது பெர்டினாண்ட் மட்டும் தக்கை மரத்தடியில் உட்கார்ந்து பூக்களை முகர்ந்துகொண்டிருக்கும். மாட்ரிட் காளைச் சண்டைக்கு மாடு பிடிக்க ஐந்து பேர் வருகிறார்கள். அந்தச் சமயம் பார்த்து அது ஒரு வண்டின்மேல் உட்கார்ந்து தொலைக்கிறது. வண்டு சும்மா இருக்குமா? காளை துள்ளிய துள்ளலைப் பார்த்து, 'இதுவல்லவோ வீரம்!' என்று ஓட்டிப் போய்விடுகிறார்கள். கோதாவிலோ, பெண்கள் கூந்தலில் சூடிய பூவின் வாசனை வருகிறது. காளை நடுவில் உட்கார்ந்துவிடுகிறது. வேறு வழியில்லாமல் வீட்டுக்கே திருப்பி அனுப்புகிறார்கள்.

தக்கை என்பது மரத்தின் பட்டை. லாஸனோ, பாட்டில் தக்கைகளைக் கொத்துக் கொத்தாகப் பழம்போல் கிளையில் தொங்கவிட்டிருக்கிறார். இந்தப் படத்தைப் பார்த்துச் சிரிக்காதவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

ஆனால் பெரியவர்கள் சிரித்ததோடு விடவில்லை. இது கம்யூனிஸம் என்றார் ஒருவர். பாஸிஸம் என்றார் இன்னொருவர். அமெரிக்கத் தொழிலாளிகள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்த காலம் அது. ஆகவே காளை உட்கார்ந்ததற்கும் அர்த்தம் கற்பித்தார்கள். பிரான்கோவின் ஸ்பெயினில் புஸ்தகத்துக்குத் தடை. 1975-ல் அவர் இறந்த பிறகுதான் அங்கே அது அச்சேறியது. ஹிட்லரின் ஜெர்மனியில் நெருப்பில் போட்டார்கள். அதே ஜெர்மனி 1945-ல் தோற்றதும், முப்பதாயிரம் பிரதிகள் அச்சடித்துக் குழந்தைகளுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள்.

லீப் இதை எழுதியது 1935-ல், ஒரே ஒரு மத்தியான வேளையில். நண்பர் இஷ்டம்போல் படம் போடுவதற்கு ஏதாவது வேண்டும் என்பதற்காக எழுதியது. நாய், முயல், எலியெல்லாம் கதைகளில் அடிபட்டு அலுத்துவிட்டன, அதனால் காளையைப் பிடித்தேன் என்றார். அடுத்த வருஷம் யுத்தம் வரும் என்று அவருக்கு ஜோசியமா தெரியும்?

எனக்கு இந்தக் கதையில் பெரிய பாத்திரம் காளை அல்ல, அதன் தாய்தான். பிள்ளை தனியாக உட்கார்ந்திருக்கிறதே, ஏங்கிப் போகுமோ என்று அவளுக்கும் கவலைதான். கேட்டுப் பார்க்கிறாள். 'எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது' என்கிற மாதிரிப் பதில் வருகிறது. சரி என்று விட்டுவிடுகிறாள். வைத்தியரிடம் ஓடவில்லை, பக்கத்து வீட்டுக் கன்றைக் காட்டி இடித்துரைக்கவில்லை. பெர்டினாண்ட் ஆசைப்பட்டதும் அவ்வளவுதான்: சும்மா விட்டால் போதும். ஒரு பசு செய்த காரியத்தைச் சர்க்கார்களால் செய்ய முடியவில்லை!

1938-ல் டிஸ்னி இதைச் சிறு சித்திரப் படமாக எடுத்து ஆஸ்கார் பரிசு பெற்றார். அந்த வருஷக் கடைசியில் அமெரிக்காவில் 'கான் வித் த விண்ட்' நாவலையே இந்தச் சின்னப் புஸ்தகம் விற்பனையில் முந்தியது. நாவல் எழுதுகிறவர்கள் இதைக் கேட்டு மனத்தைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு நாவலாசிரியரால் மட்டும் தேற்றிக்கொள்ள முடியவில்லை போலிருக்கிறது. காளைச் சண்டையில் மோகம் கொண்ட ஹெமிங்வே, 1951-ல் 'ஹாலிடே' பத்திரிகையில் ஒரு குட்டிக் கதை எழுதினார். தம் காளைக்குப் பெர்டினாண்ட் என்று பெயரில்லை, அதற்குப் பூவில் நாட்டமில்லை என்று முதல் வாக்கியத்திலேயே முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறார். அது சண்டையை நேசிக்கிற காளை. ஒரே பசுவிடம் மனம் வைத்த காளையுங்கூட. அதைக் கோதாவுக்கு அனுப்புகிறார்கள். பிரமாதமாகச் சண்டை போடுகிறது. எல்லோரும் மெச்சுகிறார்கள். இரண்டே பக்கத்தில் கதை முடிவதற்குள் வாளுக்கு இரையாகிவிடுகிறது.

பெர்டினாண்ட் இன்னும் அச்சில் இருக்கிறது. லாஸன் தொங்கவிட்ட தக்கைகளும் அப்படியே இருக்கின்றன.