வல்லூற்றின் வீழ்ச்சியும் மீட்சியும்

வேட்டைப் பறவைகளுள் விரைவிற் சிறந்தது வல்லூறு. வானிலிருந்து இரைமீது பாயும்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 200 மைலை எட்டும். இத்துணை ஆற்றல் வாய்ந்த பறவை மனிதனால் அழிவின் விளிம்புக்குச் சென்று மீண்ட வரலாற்றை இன்று நோக்குவோம்.

இடைக்கால ஐரோப்பாவில் மன்னர்கள் வல்லூற்றைக் கையிலேந்தி வேட்டையாடினர். துப்பாக்கி பெருகியபின் மன்னரின் கைப்பறவை வேட்டைக்காடுகளின் காவலருக்குப் பகையாயிற்று. முட்டை சேகரிப்போரும் கூடுகளைச் சூறையாடினர். இரண்டாம் உலகப் போரின்போது, செய்தி கொண்டுவரும் புறாக்களைக் கொல்கின்றதெனக் கருதிய பிரித்தானிய அரசு, 1940ஆம் ஆண்டில் வல்லூறுகளைச் சுட ஆணையிட்டது. ஏறத்தாழ 600 பறவைகள் மாண்டன. போர் ஓய்ந்ததும் அவற்றின் தொகை மீளத் தொடங்கியது. அவ்வேளையிலேதான் கண்ணுக்குப் புலப்படாத பகை ஒன்று வந்து சேர்ந்தது.

அப்பகையின் பெயர் டி.டி.ரி. அதனை முற்றாகப் பழித்தல் நன்றியன்று. 1934-35இல் மலேரியாவுக்கு ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பலிகொடுத்த இலங்கையில், 1946 முதல் அம்மருந்து வீடுதோறும் தெளிக்கப்பட்டது. 1963இல் நோய் கண்டோர் 17 பேர் மட்டுமே. ஆனால் மேனாடுகளில் அது வயல்களிலும் காடுகளிலும் அளவின்றித் தூவப்பட்டது. பூச்சியை உண்ட சிறு பறவையின் கொழுப்பில் நஞ்சு தேங்கியது. பல சிறு பறவைகளை உண்ட வல்லூற்றின் உடலில் அது பன்மடங்காகத் திரண்டது.

வல்லூறுகள் பெருகிவிட்டன என்று பிரித்தானியப் புறா வளர்ப்போர் முறையிட்டமையால், 1961இல் கணக்கெடுப்பு ஒன்று தொடங்கிற்று. அதனை நடத்திய டெரெக் றாட்கிளிவ் கண்டதோ நேர்மாறு: பல கூடுகள் வெறுமையாயிருந்தன; முட்டைகள் தாயின் கீழேயே உடைந்து கிடந்தன. பழைய சேகரிப்புகளிலிருந்த முட்டைகளைப் புதியவற்றோடு ஒப்பிட்ட அவர், 1940களின் பிற்பகுதி முதல் ஓடு ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு மெலிந்துவிட்டதென 1967இல் நிறுவினார். கூடுகளைச் சூறையாடியோரின் பேழைகளே இறுதியில் பறவைக்குச் சான்று கூறின.

ஐக்கிய அமெரிக்காவில், மிசிசிப்பி நதிக்குக் கிழக்கே 1960களின் நடுப்பகுதியில் வல்லூறு இனம்பெருக்குவதே நின்றுபோயிற்று. 1962இல் றேச்சல் கார்சன் எழுதிய நூல் மக்களை விழிப்பித்தது. 1972இல் அந்நாடு டி.டி.ரி.யைப் பயிர்களுக்குத் தெளிப்பதைத் தடைசெய்தது. கோர்ணெல் பல்கலைக்கழகத்தில் ரொம் கேட் என்பார் குஞ்சுகளை வளர்த்துக் காட்டில் விடுவித்தார். 1999இல் அப்பறவையின் பெயர் அழிவை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

நமது சீகிரியாக் குன்றின் செங்குத்தான பாறையிற் கூடு கட்டும் வல்லூறும் இவ்வினத்தின் ஒரு கிளையே. மருந்தை நஞ்சாக்கியது அளவறியாமை. பறவையை மீட்டது, எண்ணிப் பார்த்து உண்மையை ஒப்புக்கொண்ட நேர்மை. இவ்விரண்டும் மனிதனிடமே உள்ளன.