அடைபட்ட பாதைக்கு எத்தனை மாற்றுவழி?

போன மாதம் பெரியம்மா கோலம் போடும்போது மயங்கி விழுந்தார். நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 34. "முழு ஹார்ட் பிளாக். பேஸ்மேக்கர் வைக்கணும். எந்த முறைன்னு வீட்ல பேசிட்டுச் சொல்லுங்க" என்றார் மருத்துவர். எனக்கு முழி பிதுங்கியது. பேஸ்மேக்கர்னா பேஸ்மேக்கர்தானே, அதில் என்ன முறை? அன்றிரவு தேடிப் படித்ததுதான் இந்தக் குறிப்பு.

முதலில் இதயத்தின் வயரிங். மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு ஏவி கணு வழியாக இறங்கி, ஹிஸ் கற்றையில் ஓடி, இடம் வலம் என இரு கிளைகளாகப் பிரிந்து கீழறைகளுக்குப் போகிறது. கற்றையை 1893-இல் வில்ஹெல்ம் ஹிஸ் விவரித்தார். ஏவி கணுவையும் மொத்தப் பாதையையும் 1906-இல் ஜப்பானியரான சுனாவ் தவாரா வரைந்து காட்டினார். பாதை முழுசாக அடைபட்டால் கீழறைகள் தம் போக்கில் மெதுவாகத் துடிக்கும்; சில சமயம் நின்றும் போகும்.

1952-இல் பாஸ்டனில் பால் ஸோல் மார்புக்கு மேலிருந்தே மின்சாரம் கொடுத்து இதயத்தைத் துடிக்க வைத்தார். உயிர் தங்கியது; ஆனால் ஒவ்வொரு துடிப்புக்கும் மார்புத்தசை வெட்டி இழுக்கும், தோல் புண்ணாகும்.

மினசோட்டாவில் வால்டன் லில்லிஹை குழந்தைகளின் இதய ஓட்டைகளை அடைத்துவந்தார். தையல் போடும்போது சிலருக்கு இந்தப் பாதை பழுதாகிவிடும். 1957-இல் அவர் கம்பியை இதயத்தசையிலேயே பொருத்தினார். துளி மின்சாரம் போதும், வலி இல்லை. ஆனால் கருவி சுவர் பிளக்கில். வயர் நீளம் எவ்வளவோ அவ்வளவுதான் குழந்தையின் உலகம். அக்டோபர் 31 அன்று மினியாபொலிசில் கரண்ட் போனது. அதன்பின் லில்லிஹை கேட்டுக்கொண்டபடி, ஏர்ல் பாக்கன் ஒரு மின்னணு இதழில் வந்த மெட்ரோனோம் சர்க்யூட்டை மாற்றி, பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டியைச் செய்து கொடுத்தார்.

1958-இல் நியூயார்க்கில் செய்மர் ஃபர்மன் மார்பைத் திறக்காமல், ரத்தநாளம் வழியாகவே கம்பியை வலது கீழறைக்குள் இறக்கினார். அதே ஆண்டு அக்டோபரில் ஸ்டாக்ஹோமில் ஓகே சென்னிங், ரூனே எல்ம்க்விஸ்ட் வடிவமைத்த கருவியை ஆர்னே லார்சனின் உடலுக்குள்ளேயே வைத்துத் தைத்தார். அதை வார்க்க ஷூ பாலிஷ் டப்பாதான் அச்சு! சில மணி நேரத்தில் பழுதானது, மாற்றினார்கள். இப்படி இருபதுக்கும் மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்ட லார்சன், அந்த இருவரையும்விட அதிக காலம் இருந்து, 2001-இல் 86 வயதில் காலமானார்.

ஃபர்மனின் பாதையும் சென்னிங்கின் பெட்டியும் சேர்ந்ததுதான் இன்றைய வழக்கமான பேஸ்மேக்கர். அதிலும் ஒரு சிக்கல். மின்சாரம் வலது கீழறைத் தசையில் தொடங்கி, நெடுஞ்சாலையை விட்டு வயல்வரப்பில் போவதுபோல் மெதுவாக இடதுபக்கம் சேர்கிறது. இரண்டு பக்கமும் ஒன்றாகச் சுருங்குவதில்லை. சிலருக்கு வருஷக்கணக்கில் இது இதயத்தைப் பலவீனமாக்குகிறது. ஏற்கெனவே இதயம் பலவீனமான பிளாக் நோயாளிகளுக்கு இரு கீழறைகளையும் துடிக்க வைப்பது மேல் என்று 2013-இல் வெளியான பிளாக் எச்எஃப் ஆய்வு காட்டியது.

சரி, அடைப்பைத் தாண்டியதும் பழைய பாதையிலேயே மின்சாரத்தை ஏற்றினால் என்ன? 2000-இல் பிரமோத் தேஷ்முக் குழுவினர் அமெரிக்காவில் சில நோயாளிகளுக்கு ஹிஸ் கற்றையிலேயே கம்பியை நிரந்தரமாகப் பொருத்தியதை வெளியிட்டனர். ஹிஸ் விவரித்து நூறாண்டுக்கு மேல் ஆகியிருந்தது! ஆனால் இலக்கு மிகச் சிறியது. பல சமயம் கூடுதல் மின்சாரம் வேண்டும், பேட்டரி சீக்கிரம் தீரும். 2017-இல் சீனாவின் வெய்ஜியான் ஹுவாங் குழு, இடைச்சுவருக்குள் கம்பியைத் திருகி இடது கிளையைத் தொட்டது. இது ஹிஸ்ஸைவிட எளிது. மதுரையிலிருந்தும் இதைப்பற்றி ஆய்வுக் கட்டுரைகள் வந்திருக்கின்றன. கம்பியே இல்லாத குப்பி வகையும் உண்டு. கம்பித் தொல்லை இல்லை, ஆனால் அதுவும் பொதுவாக வலது கீழறைத் தசையைத்தான் தட்டுகிறது.

ஆக, உயிரைக் காப்பதில் எல்லாமே கெட்டி. வித்தியாசம் அடுத்த பத்து இருபது வருஷத்தில்தான். மறுநாள் மருத்துவரிடம் இரண்டே கேள்வி கேட்டேன்: ஒரு நாளில் எத்தனை சதவீதம் கருவி துடிக்க வைக்க வேண்டியிருக்கும்? இதயத்தின் பம்பிங் இப்போது எப்படி? "கிட்டத்தட்ட நூறு சதவீதம். பம்பிங் நல்லாவே இருக்கு. அதைக் கெடுத்துடக் கூடாது, அவ்ளோதான்" என்றார். இடது கிளை என்று முடிவானது. பெரியம்மா மறுபடி கோலம் போட ஆரம்பித்துவிட்டார்.