பதிவேட்டில் உறங்கும் பெயர்கள்



உங்கள் பாட்டனாரின் தந்தை பெயர் என்ன என்று கேட்டால் நம்மில் பலர் தயங்குவோம். நம் வழக்கில் தந்தையின் பெயரே முன்னெழுத்தாக வருகிறது. மகன் பெயருக்கு முன் நிற்கும் தந்தை, பேரன் பெயரில் காணாமற்போகிறார். தாய்க்கோ பெரும்பாலும் அந்த ஓரெழுத்து இடமும் இல்லை.

ஆனால் நம் முன்னோரின் பெயர்கள் ஓரிடத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. 1563ஆம் ஆண்டு திரெந்து பொதுச்சங்கம், மறைவாக நடந்த திருமணங்களால் விளைந்த குழப்பங்களைத் தீர்க்க, மணமக்கள், சாட்சிகள், நாள், இடம் ஆகியவற்றைப் பங்குத்தந்தை ஒரு நூலில் எழுதிவைக்கக் கட்டளையிட்டது. ஞானப்பெற்றோரின் பெயர்களும் எழுதப்பட வேண்டும் என்றது. 1614இல் வெளிவந்த உரோமைத் திருச்சடங்கு நூல், இறந்தோர் பதிவேட்டையும் சேர்த்து ஐந்து ஏடுகளைக் குறிப்பிட்டது. இன்றைய திருச்சபைச் சட்டமும் பழைய ஏடுகளைக் கவனமாய்க் காக்கச் சொல்கிறது.

இதன் அருமையை எண்ணிப் பாருங்கள். நம் நாடு முழுவதற்குமான பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்த ஏழைகள் பலருக்கு, நிலப்பத்திரமோ பள்ளிச் சான்றிதழோ இல்லாதபோது, திருமுழுக்குப் பதிவே எழுத்தில் உள்ள ஒரே சான்று. அங்கே தாயின் பெயரும் உண்டு.

தேடுவது கடினமன்று. முதலில் வீட்டுப் பெரியவர்களிடம், "எந்த ஊரிலிருந்து வந்தோம்? ஏன் வந்தோம்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏடு நாளைச் சொல்லும். கண்ணீரைப் பாட்டிதான் சொல்வார். பின்பு பெற்றோரின் திருமணப் பதிவிலிருந்து பின்னோக்கிச் செல்லுங்கள். இலத்தீனில் 'யொவான்னஸ்' என்றிருப்பவர் வீட்டில் அருளப்பனாக இருந்திருக்கலாம்.

தேடும்போது பெருமைக்குரியது மட்டுமே கிடைக்காது. பஞ்சம் பிழைக்க வந்த கூலித்தொழிலாளியும், தனியாளாய்ப் பிள்ளை வளர்த்த பெண்ணும் அங்கே இருப்பார்கள். அவர்களை மறைத்துவிடலாமா? மத்தேயு மறைக்கவில்லை. ஆண்டவரின் தலைமுறை அட்டவணையில் தாமாரையும், எரிகோவின் விலைமகள் இராகாபையும், மோவாபியப் பெண் ரூத்தையும், தாவீதின் பாவத்தை நினைவூட்டும் உரியாவின் மனைவியையும் அவர் சேர்த்தே எழுதினார். மீட்பர் அந்தக் குடும்பத்தில்தான் பிறந்தார்.

குலப்பெருமை பேசுவதற்காக முன்னோரைத் தேடினால், முடிவில்லாத மூதாதையர் பட்டியல்களைப் பற்றித் திமொத்தேயுவுக்கு எழுதிய திருமுகம் தரும் எச்சரிக்கை நமக்கும் பொருந்தும். நன்றி சொல்வதற்காகத் தேடினால், அதுவே செபமாகிறது.

ஏடுகளைக் கரையான் அரிக்கிறது. பெரியவர்களின் நினைவும் மங்குகிறது. ஆகவே இந்த ஞாயிறு, உணவுக்குப்பின் வீட்டில் மூத்தவர் அருகே ஒரு நோட்டுப்புத்தகத்தோடு அமருங்கள். அவர் சொல்லும் பெயர்களை எழுதி, அந்தப் பெயர்களைச் சொல்லியே அன்றிரவு குடும்பமாகச் செபியுங்கள். நம்மைப் பெயர்சொல்லி அழைக்கும் ஆண்டவர், நம் முன்னோருக்கு நித்திய இளைப்பாற்றியைத் தந்தருள்வாராக. ஆமென்.