மயிலையில் கடலாடியவர் யார்? பூம்பாவைப் பதிகமும் சேக்கிழார் வாசிப்பும்

தமிழக விழாக்களின் வரலாற்றை எழுதுவோர் சம்பந்தரின் பூம்பாவைப் பதிகத்தைத் தொடாமல் போவதில்லை. இரண்டாம் திருமுறையில் 47ஆவதாக நிற்கும் இப்பதிகம், ஏழாம் நூற்றாண்டில் மயிலை (இன்றைய மயிலாப்பூர்) என்ற கடற்கரை ஊர் என்னென்ன விழாக்களைக் கொண்டாடியது என்பதை வரிசையாகச் சொல்கிறது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம், அட்டமி, பொற்றாப்பு, பெருஞ்சாந்தி என்பது அந்த வரிசை. இதைக் கபாலீச்சரக் கோயிலின் ஆண்டு விழா அட்டவணையாகக் கொள்வதே வழக்கமாகிவிட்டது. அப்படிக் கொள்வதில் இரண்டு இடர்கள் உண்டு. பட்டியலில் பாதி ஆண்டுதான் இருக்கிறது என்பது ஒன்று. விழாவை நடத்தியது கோயிலா ஊரா என்பது மற்றொன்று. இரண்டாவது இடரின் வேர் சேக்கிழாரிடம் இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

தந்தை சிவநேசர், அரவம் தீண்டி இறந்த மகள் பூம்பாவை, அவள் எலும்பும் சாம்பலும் வைத்த குடம், அதிலிருந்து அவளைச் சம்பந்தர் பாடி எழுப்பியது என்று செல்லும் கதையை இங்கே விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பதிகத்துக்குள் இக்கதையின் சுவடு மிகக் குறைவு என்பதை மட்டும் நினைவில் கொள்வோம். பாம்பு இல்லை, குடம் இல்லை, தந்தையின் பெயரும் இல்லை. பூம்பாவை என்று விளிக்கப்படும் ஒருத்தியிடம், இதைக் காணாமல் போகலாமா என்று பாட்டுக்குப் பாட்டு கேட்கும் ஒரு குரல்தான் இருக்கிறது. இந்தக் கேள்வியை உயிர்த்தெழுப்பும் கேள்வியாக்கி முழுமையான கதையாக விரித்தது, சுமார் 500 ஆண்டுகள் கழித்து, இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் எழுந்த சேக்கிழாரின் பெரியபுராணம். அற்புதம் நடந்ததா என்பது என் கேள்வி இல்லை. அந்தக் கதைச் சட்டகம் விழாக்களை என்ன செய்தது என்பதே கேள்வி.

பதிகத்தின் முதல் பாட்டில் விழா எதுவும் பெயர் சுட்டப்படவில்லை. உருத்திர கணத்தார்க்கு அமுது படைப்பதைக் காணாமல் போகலாமா என்று மட்டும் அது கேட்கிறது. இந்த இடத்தில் சேக்கிழார் ஒரு கொள்கையை நிறுவுகிறார். மண்ணில் பிறந்தவர் பெறும் பயன் இரண்டு; சிவனடியாரை அமுது செய்விப்பது ஒன்று, இறைவனின் விழாப் பொலிவைக் கண்ணாரக் கண்டு மகிழ்வது மற்றொன்று. இவை உண்மையானால் உலகத்தார் முன் வா என்று சம்பந்தர் அப்பெண்ணை அழைப்பதாகக் கதை நகர்கிறது. அழகான கட்டமைப்பு, மறுக்கவில்லை. ஆனால் இந்த ஒரே வீச்சில் கணத்தார் அடியாராகிறார்கள். தனித்தனியே மணமும் சுவையும் ஒலியும் கொண்ட ஒன்பது நிகழ்வுகள் ‘விழாப் பொலிவு’ என்ற ஒற்றைக் காட்சியில் அடங்கிவிடுகின்றன. மயிலை மக்கள் பார்வையாளர் வரிசைக்குப் போய்விடுகிறார்கள்.

பத்தாம் பாட்டை அவர் கையாளும் விதம் இதைவிடத் தெளிவு. அப்பாட்டில் சமண சாக்கியக் கண்டனமும் இருக்கிறது, பெருஞ்சாந்தி என்னும் விழாவும் இருக்கிறது. கண்டனம் எழும் கணத்தில் குடம் உடைந்து பெண் வெளிப்படுவதாகச் சேக்கிழார் பாடுகிறார். பெருஞ்சாந்தி என்ன விழா, எதற்காக எடுக்கப்பட்டது என்பதில் அவருக்கு நாட்டமில்லை. சோழ அரசவையைச் சார்ந்த புலவர் அவர். அவருக்கு முன்பே தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசனின் பிறந்த நாளான சதயத்துக்கு விழா எடுத்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அரசர் நிவந்தம் அளிக்க, கோயில் நடத்த, குடிகள் கூடிக் காண்பது என்ற ஒழுங்கு அவர் காலத்தில் வேரூன்றிவிட்டது. அந்த ஒழுங்கை அவர் ஏழாம் நூற்றாண்டு மயிலைக்கும் பொருத்தினார் என்பதே என் வாதம்.

‘பதிகத்தின் பல்லவியே காண்பதைப் பற்றித்தானே பேசுகிறது’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான தடை. சேக்கிழாருக்கு அங்கே பிடிமானம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்பெண் காண வேண்டியது எதை என்று பாட்டுக்குப் பாட்டு பார்த்தால் படம் மாறுகிறது. கார்த்திகை விளக்கீட்டைக் கொண்டாடுவோர் பெண்கள். இடம் மயிலையின் மறுகு, அதாவது தெரு. அந்த நாளை ஏழாம் நூற்றாண்டிலேயே தொன்மையானது என்கிறார் சம்பந்தர். சங்கப் பாடல்களில் கார்த்திகை விளக்கு வருவதால் இது வியப்பில்லை. தைப்பூசத்தைக் கொண்டாடுவோரும் பெண்களே, நெய் பெய்த புழுக்கலோடு. ஐப்பசி ஓணத்தோடு தவத்தோர் உண்பதும் சேர்ந்து வருகிறது. பங்குனி உத்திரப் பாட்டில் விழா மலிந்த வீதியும் அங்குள்ள பெண்களும் வருகிறார்கள். அகல் ஏற்றுவோர், சோறு ஆக்குவோர், உண்போர், பாடுவோர் என வினை செய்வோரால் பாட்டுகள் நிரம்பியிருக்கின்றன. இறைவன் கபாலீச்சரத்தில் அமர்ந்திருக்கிறான். விழா ஊருக்குள் நடக்கிறது.

நான் அதிகம் தயங்கி நின்ற இடம் ஆறாம் பாட்டு. தெங்கு சூழ்ந்த மயிலையைச் சேர்ந்தவர்களின் மாசிக் கடலாட்டைக் கண்டவன் என்று அது இறைவனைச் சொல்கிறது. தொடரை அதன் இயல்பான போக்கில் விட்டால், கடலாடுவோர் மயிலையார், காண்பவன் சிவன். அப்பெண் காணத் தவறுவது கூட அந்த நீராட்டு அன்று. அடிபரவி ஆடும் நடமே. இன்று நாம் அறிந்த மாசி மகம் இதற்கு நேர்மாறு. உற்சவ மூர்த்தி கடற்கரைக்கு எழுந்தருளுகிறார், தீர்த்தவாரி அவருக்கு நடக்கிறது, மணலில் கூடி நிற்கும் மக்கள் அதைக் காண்கிறார்கள். ஆடுவோரும் காண்போரும் இடம் மாறியிருக்கிறார்கள். ‘காணுதல்’ என்பதற்கு ஏற்படுத்துதல் என்ற பொருளும் உண்டு என்பதால், கடலாட்டை நிறுவியவன் என்றும் இத்தொடரைக் கொள்ள இடமிருக்கிறது. அடுத்த பாட்டிலும் விழாக் கண்டவன் என்றே வருகிறது, அங்கும் இதே ஐயம். எப்பொருளைக் கொண்டாலும் ஒன்று மட்டும் மாறாது: திருமேனி கடலுக்குச் சென்றதாகப் பாட்டில் சொல் இல்லை. அப்படிச் சென்றதாக எழுதுவோர் இன்றைய தீர்த்தவாரியைப் பின்னோக்கி ஏற்றுகிறார்கள்.

இந்த இடமாற்றம் எப்போது நிகழ்ந்தது? பல்லவர் காலத்தில் மயிலையின் மாசி விழா எப்படி நடந்தது என்பதற்குப் பதிகத்தைத் தவிர வேறு கைப்பிடி இல்லை. இன்று நிற்கும் கோயில் கட்டடமோ போர்த்துகீசியர் சாந்தோமில் குடியேறிய 16ஆம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டது. ஏழாம் நூற்றாண்டுக்கும் அதற்கும் நடுவே எங்கோ என்று சொல்வதோடு நிற்க வேண்டியதுதான். தைப்பூசத்தில் இதே போன்ற மாற்றத்தை ஓரளவு நெருங்கிப் பார்க்க முடிகிறது. இப்போது மயிலாப்பூரில் தைப்பூசத்தையொட்டி நடப்பது தெப்பம். பதிகத்தில் இருப்பது நெய்ப் புழுக்கல். இன்றைய குளத்தில் ஓடும் தெப்பம் இன்றைய கோயிலும் குளமும் அமைந்த பிறகே வந்திருக்க முடியும்.

இனி, பாதி ஆண்டு மட்டுமே இருக்கும் இடர். ஐப்பசி முதல் பங்குனி வரை வரிசை ஒழுங்காகச் செல்கிறது. ஆதிரைக்கு மாதப் பெயர் இல்லாவிட்டாலும் கார்த்திகைக்கும் தைக்கும் இடையில் நிற்பதால் அது மார்கழி ஆதிரையே. பங்குனிக்குப் பிறகு மாதப் பெயர் ஒன்றுமே இல்லை. அட்டமியைச் சித்திரையில் வைப்பது, பொற்றாப்பைப் பொன்னூசல் என்று கொண்டு அதற்கும் ஒரு மாதம் தேடுவது, பெருஞ்சாந்தியைக் குடமுழுக்கென்றோ குறை தீர்க்கும் சடங்கென்றோ விளக்குவது என எல்லாமே அட்டவணையை நிரப்பும் ஆசையிலிருந்து வருபவை.

இங்கே சம்பந்தரின் பாட்டு அமைப்பைக் கவனிக்க வேண்டும். அவர் பதிகங்களில் எட்டாம் பாட்டு இராவணனுக்கு, ஒன்பதாம் பாட்டு அயனும் மாலும் தேடிய கதைக்கு, பத்தாம் பாட்டு சமண சாக்கியருக்கு என்பது பெரும்பாலும் மாறாத விதி. மாதம் இல்லாத மூன்று நிகழ்வுகளும் சரியாக இந்த எட்டு, ஒன்பது, பத்தாம் பாட்டுகளில்தான் வருகின்றன. கட்டாயப் பொருள் இல்லாத இரண்டு முதல் ஏழு வரையிலான ஆறு பாட்டுகளில் ஆறு மாதங்கள் நிரல்பட நிற்கின்றன. பாட்டின் ஒரு பகுதியைக் கட்டாயப் பொருள் பிடித்துக்கொண்டதும் கால வரிசை கைவிடப்பட்டு, ஆண்டின் எந்தப் பகுதிக்கும் உரிய பொது நிகழ்வுகள் உள்ளே வந்தன என்று கருதுகிறேன். இதே சான்றை எதிர்த்தரப்பும் எடுத்தாளலாம்; சித்திரை என்ற சொல்லுக்கு இடமில்லாமல்தான் அது விடுபட்டது என்று அவர்கள் சொல்வார்கள். ஆனால் ஐப்பசியையும் தைப்பூசத்தையும் எதுகையிலேயே வைத்துப் பாடத் தெரிந்தவருக்குச் சித்திரை மட்டும் இடறியிருக்கும் என்று நம்ப எனக்குத் தயக்கம். புகாரில் சித்திரையில் இந்திர விழா நடந்ததே என்பதும் சான்றாகாது. அது வேறு ஊர்; விழாவின் தலைவனும் வேறு.

ஆறு மாதத்துக்குள்ளும் ஓணம் மட்டும் ஒட்டாமல் நிற்கிறது. கார்த்திகை, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசி மகம், பங்குனி உத்திரம் ஆகிய ஐந்தும் முழுநிலவை ஒட்டியவை. ஞாயிறு துலாத்தில் இருக்கும் ஐப்பசியில் ஓண நாள் வளர்பிறைச் சட்டிக்கும் தசமிக்கும் இடையில்தான் விழும்; வானில் இருப்பது பாதி நிலவு. ஆவணி ஓணமோ முழுநிலவுக்கு அண்மையில் வருவது. மதுரைக்காஞ்சி ஓண நாளை மாயோனுக்கு உரியதாகச் சொல்ல, இங்கே சிவனுக்குரிய ஊரில், அதுவும் ஐப்பசியில், அது ஏன் வருகிறது? என்னிடம் இருப்பது ஊகம் மட்டுமே. அப்பாட்டில் ஓணத்தோடு பேசப்படுவது தவத்தோர் உண்பது. துறவோர் ஓரிடத்தில் தங்கி நோற்கும் நான்கு மாதம் இதே வளர்பிறையின் ஏகாதசியில் முடிகிறது. தங்கியிருந்தவர்கள் ஊரைவிட்டுப் புறப்படும் முன் ஊரார் அவர்களுக்கு இட்ட விருந்தின் நாளாக இது இருந்திருக்கலாம். சென்னைக் கரையில் பெருமழை தொடங்குவதே ஐப்பசியில்தான். மழைக்காலத் தங்கல் முடிந்து மழைக்குள் புறப்படுவார்களா என்ற கேள்வி இந்த ஊகத்தின் பலவீனம். நோன்பின் கணக்கு வடபுலப் பருவத்தை ஒட்டி அமைந்தது என்பதே என்னால் தர முடிந்த விடை. முடிவான விடை அன்று. இன்று சிவன் கோயில்களில் ஐப்பசி என்றால் முழுநிலவு நாளின் அன்னாபிடேகம். உணவு அம்மாதத்தை விட்டுப் போகவில்லை. நாளும் உண்பவரும் மாறியிருக்கிறார்கள்.

கோயில் கடலோரத்தில் இருந்ததா என்ற பழைய சர்ச்சைக்குள் நீண்டு போக விரும்பவில்லை. கடலாட்டுப் பாட்டை அதற்குச் சான்றாக்குவது வலுவற்றது. உள்நாட்டு ஊராரும் கடலாடச் செல்வதுண்டு. அதைவிட நல்ல சான்று ஆதிரைப் பாட்டில் இருக்கிறது. அலை உலவும் மயிலையில், வேல் வல்லார் வாழும் சேரியில், சோலை சூழ்ந்து இருப்பதாகக் கபாலீச்சரம் அங்கே சொல்லப்படுகிறது. உத்தரமேரூர்க் கல்வெட்டில் சேரி என்பது ஊரின் ஒரு பகுதியைக் குறிப்பதை நினைத்தால், வேற்படையினரோ வேலெறியும் மீனவரோ குடியிருந்த ஒரு கடற்புறப் பகுதியில் கோயில் இருந்தது என்ற அளவுக்குச் செல்லலாம். வேல் வல்லார் யார் என்பதை இப்பாட்டை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது.

சேக்கிழார் வாசிப்பு பிற்காலத்தில் விழாவாகவே மாறிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். மயிலாப்பூர்ப் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில் பூம்பாவை உயிர்பெற்று எழும் நிகழ்ச்சி குளக்கரையில் நடத்திக் காட்டப்படுகிறது. மாலையில் அறுபத்துமூவர் உலா. பங்குனி உத்திரத்தைக் காணாமல் போகலாமா என்று கேட்ட பாட்டின் கதை, பங்குனி விழாவின் ஓர் அங்கமாகியிருக்கிறது. அந்த நிகழ்ச்சிக்கும் உலாவுக்கும் ஆதாரம் பெரியபுராணம். ஆகவே இன்றைய விழாவை விளக்கச் சேக்கிழாரை எடுத்தாள்வதில் தவறில்லை. ஏழாம் நூற்றாண்டு மயிலைக்குச் சான்றாக நிற்கத்தக்கது பதிகம் மட்டுமே. மயிலை விழாக்களுக்கு அட்டவணை வரைவோர் சித்திரை முதல் புரட்டாசி வரையிலான ஆறு கட்டங்களையும், வேறு சான்று கிடைக்கும் வரை, வெற்றாகவே விட்டுவைக்க வேண்டும்.