உச்சிவேளைச் சோதனை

சோதனைக்குப் பயந்து பாலைவனத்துக்கு ஓடியவர்கள் என்றுதான் எகிப்தின் ஆதித் துறவிகளைப் பற்றிப் பலரும் பேசுகிறார்கள். பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்ற எனக்கு அந்தப் பேச்சு ஒப்பவில்லை. சோதனை எப்படி வருகிறது, எந்த நேரத்தில் வருகிறது என்று உட்கார்ந்து கவனித்தவர்கள் அவர்கள்.

அவர்களில் ஒருவரான எவாக்ரியுஸை எடுத்துக்கொள்வோம். கருங்கடலை ஒட்டிய போந்து நாட்டில் பிறந்தவர். நசியான்சு கிரகோரியாரின் கையால் திருத்தொண்டரானவர். கான்ஸ்டான்டிநோபிளில் வாதத்திறமைக்குப் பெயரெடுத்த நாளில், மணமான ஒரு பெண்மீது மனம் போயிற்று. நகரை விட்டே போய்விடுகிறேன் என்று கனவில் நற்செய்தி நூலின்மேல் சத்தியம் செய்தார். விழித்ததும் சொன்னபடியே எருசலேமுக்குக் கப்பலேறினார். அங்கே பழைய ஆடம்பரம் மறுபடி ஒட்டிக்கொண்டது. தீராத காய்ச்சலும் கண்டது. மெலானியா என்னும் துறவியிடம் நடந்ததையெல்லாம் சொல்லி, துறவு ஏற்பதாக வாக்களித்த பிறகே உடல் தேறினார். 383 வாக்கில் எகிப்துக்குப் போனவர், 399இல் கெல்லியா பாலைவனத்தில் இறந்தார்.

கெல்லியாவில் குடில்கள் ஒன்றுக்கொன்று தள்ளியே இருந்தன. வாரம் முழுக்கத் தனிமை. சனியும் ஞாயிறும் கோவிலில் கூடுவார்கள். 1964 முதல் அங்கே நடந்த அகழாய்வில் மண்கல் சுவர்கள் வெளிப்பட்டன. செப அறையின் கிழக்குச் சுவரில் மாடக்குழிகளும் தெரிந்தன. துறவி அந்தச் சுவரைப் பார்த்து நின்றுதான் செபித்தார். நூல்களைப் படியெடுத்துக் கொடுத்து எவாக்ரியுஸ் பிழைத்தார்.

அங்கிருந்து அவர் எழுதியது எட்டுத் தீய எண்ணங்களைப் பற்றி: பெருந்தீனி, காமம், பொருளாசை, துயரம், சினம், சோர்வு, வீண்பெருமை, செருக்கு. இவற்றில் சோர்வுதான் மிகக் கொடியது என்றார். காலை பத்து மணிவாக்கில் அது வரும். சூரியன் நகரவே மாட்டேன் என்கிறது. துறவி சன்னலை எட்டிப் பார்க்கிறார்; சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு நேரம் என்று வெளியே வந்து வானத்தை அளக்கிறார். இந்த இடம் பிடிக்கவில்லை, இந்த வேலை பிடிக்கவில்லை, என்மேல் யாருக்கும் அன்பில்லை என்கிறது மனம். ஊரும் உறவும் கண்முன் வருகின்றன. பிற்பகல் இரண்டு மணிவரை இந்தப் பாடுதான். பதினாறு நூற்றாண்டுக்கு முந்தைய ஒருவர் என் மதியப்பொழுதை இப்படி எழுதி வைத்திருக்கிறாரே என்று படிக்கும்போதெல்லாம் மலைக்கிறேன்.

எண்ணம் வருவது நம் கையில் இல்லை, அதைத் தங்கவிடுவதும் விரட்டுவதும் நம் கையில் இருக்கிறது என்பது அவர் கண்ட முடிவு. ஆகவே ஒவ்வோர் எண்ணத்துக்கும் பதிலாக விவிலிய வசனங்களை ஒரு நூலாகத் திரட்டினார். ஏறத்தாழ 500 பதில்கள், எட்டு எண்ணங்களுக்கு எட்டுப் பகுதிகள். 553க்குப் பின் அவர் பெயர் கண்டனத்துக்கு உள்ளானது. அந்த நூலின் கிரேக்க மூலம் தொலைந்தது. சிரியாக், அர்மீனிய மொழிபெயர்ப்புகளில் அது தப்பியது.

எகிப்துத் துறவிகளோடு வாழ்ந்து திரும்பிய யோவான் காசியன், சோதனைக்குப் பதிலாகத் திருப்பாடல் 70இன் முதல் அடியை எப்போதும் வாயில் வைத்திருக்கும்படி மேற்குலகத் துறவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். கத்தோலிக்கத் திருச்சபையின் பகல் செபம் இன்றும் அந்த அடியில்தான் தொடங்குகிறது. தினமும் உச்சிவேளையில் நானும் அதைச் சொல்கிறேன். உங்களைச் சோதனை அண்டும் நேரம் எது என்று கண்டுகொள்ளுங்கள். அந்த நேரம் வருமுன்பே ஒரு சிறு செபத்தை மனப்பாடமாக வைத்திருங்கள்.