கொடுத்த பின்னும் விடாத கை

1980ஆம் ஆண்டளவில் ஐக்கிய அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்துச் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்துக்கு ஸெரொக்ஸ் நிறுவனம் ஓர் அச்சுப்பொறியைப் பரிசாக வழங்கியது. லேசர் அச்சுப்பொறிகள் மிக அரிதாக இருந்த காலம் அது. செக்கனுக்கு ஒரு பக்கம் என்ற வேகத்தில் அச்சிட வல்ல அந்தப் பொறியை ஆய்வுகூடத்தினர் மகிழ்ச்சியுடனேயே வரவேற்றனர்.

அதில் ஒரு குறை இருந்தது. பிரதியெடுக்கும் பொறியொன்றை மாற்றியமைத்து உருவாக்கப்பட்டதால் கடதாசி அடிக்கடி சிக்கிக்கொள்ளும். பிரதியெடுப்பவர் பொறியின் அருகிலேயே நிற்பார். சிக்கிய தாளை அப்போதே இழுத்து எடுத்துவிடுவார். அச்சுப்பொறிக்குக் கட்டளை கொடுத்தவரோ வேறோர் அறையில் தம் மேசையில் அமர்ந்து, வேலை முடிந்திருக்கும் என நம்பிக்கொண்டிருப்பார். ஆய்வுகூடத்தின் பழைய அச்சுப்பொறியிலும் இதே தொல்லை இருந்ததுதான். ஆனால் அதன் மூலநிரல் கைவசம் இருந்தது. அங்கு பணியாற்றிய றிச்சர்ட் ஸ்டோல்மன் என்ற இளைஞர் அந்நிரலில் சிறு மாற்றம் செய்து, கடதாசி சிக்கியதும் காத்திருப்போர் அனைவரது திரையிலும் செய்தி தோன்றும்படி அமைத்திருந்தார். பொறி திருந்தவில்லை. ஆனால் யாராவது ஒருவர் உடனே எழுந்துபோய்ச் சரிசெய்தார்.

புதிய பொறியிலும் அவ்வாறே செய்ய முனைந்தபோதுதான் அதன் மூலநிரல் தரப்படவில்லை என்பது தெரியவந்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் அது இருப்பதாகக் கேள்விப்பட்ட ஸ்டோல்மன், அங்கு சென்றிருந்த வேளையில் அவரை நேரிற் கண்டு கேட்டார். கொடுப்பதில்லை என வாக்களித்திருப்பதாகச் சொல்லி அவர் மறுத்துவிட்டார். மறுவார்த்தை பேசாது வெளியேறியதாகப் பின்னாளில் தமது உரைகளில் ஸ்டோல்மன் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

கடதாசிச் சிக்கல் ஒன்றிலிருந்து ஓர் உலக இயக்கமே பிறந்தது என்பது சற்று மிகைப்படுத்திய கூற்றுத்தான். ஆய்வுகூட நண்பர்கள் வணிக நிறுவனங்களை நாடிப் பிரிந்து சென்றது உட்பட வேறு காரணங்களும் இருந்தன. ஆயினும் 1983 செப்டெம்பர் 27ஆந் திகதி அவர் குனூ திட்டத்தை அறிவித்ததற்கும், 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவியதற்கும் அடியில் அந்தப் பரிசு தந்த கசப்பும் கிடந்தது. மென்பொருளை விரும்பிய நோக்கத்துக்கு இயக்கவும், அது செயற்படும் விதத்தை ஆராய்ந்து மாற்றவும், பிறருக்குப் பிரதி கொடுக்கவும், மாற்றியதைப் பகிரவும் பயனருக்கு உரிமை வேண்டும் என்பதே அவ்வியக்கத்தின் கோரிக்கை. ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல் அமைந்துவிட்டமையால் அவர்கள் நாற்பது ஆண்டுகளாக விளக்கம் சொல்லிக் களைத்துவிட்டார்கள். தமிழுக்கு அந்த இடர்ப்பாடு இல்லை. இருந்தும் நம்மவரிற் பலர் அதனை 'இலவச மென்பொருள்' என்றே அழைத்து, இல்லாத குழப்பத்தை இறக்குமதி செய்துகொள்கின்றனர்.

நம்மூர் நொத்தாரிசுமார் எழுதும் நன்கொடை உறுதிகளில் பெற்றோர் தமக்குச் சீவிய உரித்து வைத்துக்கொள்வதுண்டு. வீடு பிள்ளைக்குச் சொந்தம். எனினும் எழுதிக்கொடுத்தவர் உயிருடன் உள்ளவரை அதனை அனுபவிக்கலாம். அந்த நிபந்தனை உறுதியில் வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். ஒளிவுமறைவு கிடையாது. இன்றைய இலத்திரனியற் பரிசுகளில் இத்தகைய உரித்தை வைத்துக்கொள்பவர் கொடுத்தவரும் அல்லர், பெற்றவரும் அல்லர். முழு விலையையும் வாங்கிக்கொண்ட தயாரிப்பாளரே. இவருடைய சீவியத்துக்கு எல்லையும் இல்லை.

2009 ஜூலையில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். அமேசன் நிறுவனத்தின் கிண்டில் வாசிப்புக் கருவியில் ஜோர்ஜ் ஓர்வெல்லின் இரு நூல்களை விலைகொடுத்து வாங்கியிருந்தவர்கள், ஒருநாள் அவை கருவியிலிருந்து மறைந்துபோயிருக்கக் கண்டனர். அவற்றை விற்பனைக்கு இட்டவருக்கு வெளியீட்டு உரிமை இருக்கவில்லை எனத் தெரிந்ததும், நிறுவனம் தொலைவிலிருந்தே அழித்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தது. பழைய பத்திரிகைச் செய்திகளை அரசாங்கமே அழித்து மாற்றி எழுதும் '1984' அவ்விரண்டில் ஒன்று. இப்படியொரு பொருத்தத்தைக் கதையில் எழுதினால் நம்பமாட்டார்கள். பாடசாலை மாணவர் ஒருவர் அந்நூலுக்கு எழுதிவைத்திருந்த குறிப்புகள் பயனற்றுப்போக, அவர் வழக்குத் தொடுத்தார். அமேசன் தலைவர் ஜெவ் பெசோஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் புத்தகக் கடைக்காரர் இரவோடிரவாக நம் வீட்டு அலுமாரியைத் திறக்கக்கூடிய சாவி ஒன்று அவரிடம் இருந்தது என்பதை உலகம் அன்றுதான் கண்ணாரக் கண்டது.

2006இல் வெளிவந்த சொனி பிளேஸ்டேசன் 3 விளையாட்டுக் கருவியின் கதை வேறு வகையானது. அதில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிச் சாதாரண கணினியாகவும் பயன்படுத்தலாம் என்ற வசதி இருந்தது. அமெரிக்க விமானப்படையின் ஆய்வுகூடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருவிகளை வாங்கிப் பிணைத்து ஒரு மீக்கணினியையே அமைத்தது. 2010 ஏப்ரல் 1ஆந் திகதி வெளியான இற்றைப்படுத்தல் அந்த வசதியை நீக்கியது. அதனை ஏற்காதவர்களுக்கு இணையவழி விளையாட்டுச் சேவை மறுக்கப்பட்டது. நத்தார்ப் பரிசாகக் கொடுக்கப்பட்ட ஒரு பொருளின் பாதியை, கொடுத்தவருக்கும் தெரியாமல், பெற்றவரிடமிருந்து எடுத்துக்கொள்வது இவ்வளவு இலகு.

கை விட்டுக் கொடுத்தவர்களும் இருக்கின்றனர். 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை தாக்கிய சில நாட்களுக்குள், காணாமற்போனோரையும் முகாம்களையும் உதவிப் பொருட்களையும் பதிவுசெய்ய இலங்கையின் மென்பொருள் வல்லுநர்கள் தொண்டு அடிப்படையில் 'சஹானா'வை உருவாக்கினர். மூலநிரலோடு உலகத்துக்கே அதைத் திறந்துவிட்டனர். மறு ஆண்டு பாகிஸ்தான் பூமியதிர்ச்சியின்போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின்போதும் அது பயன்பட்டது. அங்கிருந்தவர்கள் தங்கள் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளக் கொழும்பிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கே வழங்கியது.

அதே அறக்கட்டளை, ஆண்டிறுதிப் பண்டிகைக் காலத்தில் எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம் என்று பரிசு வழிகாட்டிகளை வெளியிட்டு வந்திருக்கிறது. பயனரின் சுதந்திரத்தை மதிக்கும் கருவிகளுக்குச் சான்றிதழும் கொடுக்கிறது. 2012 ஒக்டோபரில் முதற் சான்றிதழைப் பெற்றது ஒரு முப்பரிமாண அச்சுப்பொறி. மறுபடியும் அச்சுப்பொறி! அடுத்த ஆண்டு ஒரு மடிக்கணினி தேறியது. அதுவும் 2006ஆம் ஆண்டுத் திங்க்பாட் ஒன்றைப் புதுக்கி, பூட்டிய மென்பொருளை அகற்றியெடுத்தது. அறக்கட்டளையின் அளவுகோல் அத்தனை கடுமையானது. கனடாவிலிருந்து மருமகனுக்குப் பரிசு அனுப்பும் மாமா அவ்வளவு தூரம் போகமாட்டார், போகவும் தேவையில்லை. கணக்கு ஒன்றும் திறக்காமல் இக்கருவி இயங்குமா, தயாரித்த நிறுவனம் நாளை கடையை மூடினால் உள்ளே இருப்பவை மிஞ்சுமா என்ற இரண்டையும் கடைக்காரரிடம் கேட்டாலே போதும். மைக்ரோசொப்ட் தனது இலத்திரனியல் நூற் கடையை 2019இல் மூடியபோது, பணம் திரும்பி வந்தது, நூல்கள் போய்விட்டன.

கிண்டிலில் தமிழ் நூல்கள் விற்பனைக்கு வந்தது 2016 டிசெம்பரில். கண் மங்கிய எத்தனையோ முதியவர்களுக்குப் பிள்ளைகள் அதை வாங்கிக் கொடுத்தார்கள். எழுத்தைப் பெரிதாக்கி வாசிக்கலாம் என்பது சிறிய நன்மையன்று. வாங்கிய நூலின் கோப்பைத் தமது சொந்தக் கணினியில் இறக்கி, வடம்வழியாகக் கருவிக்கு மாற்றும் வசதியை அமேசன் 2025 பெப்ரவரி 26ஆந் திகதி நிறுத்தியது. 1998இல் ஆரம்பித்த மதுரைத் திட்டத்தின் கோப்புகளும், 2005இல் ஆரம்பித்த நூலகம் திட்டத்தின் ஈழத்து நூல்களும் எவர் கணினியிலும் இறங்கும். ஒரு நினைவகக் குச்சியில் நிரப்பி, வாசிப்புக் கருவியுடன் சேர்த்தே பொதிசெய்து அனுப்பலாம்.