வெள்ளத்தில் கரண்ட் போச்சா? சாலையோரம் நிற்கும் மின் ஊழியருக்கு யார் பாதுகாப்பு?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கிளந்தான், திரங்கானு பக்கம் வெள்ளம் ஏறினால், பாதுகாப்புக்காகத் துணை மின்நிலையங்களை மூடுவது வழக்கம். தண்ணீர் வடிந்ததும் தெனாகா நேஷனல் ஊழியர்கள் களமிறங்குவார்கள். அவர்கள் வேலை செய்யும் இடம் பெரும்பாலும் சாலையோரம்தான். தெருவிளக்கு எரியாது, தரையெல்லாம் சேறு, பக்கத்திலேயே கார்கள் பறக்கும்.

கம்பியில் ஓடும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு வேலை பார்க்கலாம். சாலையில் ஓடும் வண்டிகளை அப்படி நிறுத்த முடியுமா?

சட்டம் என்ன சொல்கிறது?

மலேசியாவின் 1994 வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி ஊழியரின் பாதுகாப்புக்கு முதலாளி பொறுப்பு. 2024 ஜூன் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த திருத்தம் அதை வலுப்படுத்தியது.

• கடமை தவறும் முதலாளிக்கான அதிகபட்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டுக்கு உயர்ந்தது.

• உடனடி ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்கவில்லை என்றால் ஊழியர் அந்த இடத்தைவிட்டு விலகலாம்.

ஆனால், உங்கள் காரின் ஸ்டீயரிங் முதலாளி கையில் இல்லை. அது உங்கள் கையில்.

வாகனமோட்டிகளுக்கும் சட்டம் உண்டா?

அமெரிக்காவில் 'மூவ் ஓவர்' என்ற சட்டம் இருக்கிறது. சாலையோரம் நிற்கும் அவசர வாகனத்தைக் கண்டால் ஒரு தடம் தள்ளிப் போகவேண்டும். சூறாவளிகள் அடிக்கடி தாக்கும் ஃபுளோரிடா, 2014இல் மின்சார, தொலைபேசிச் சேவை வாகனங்களையும் அதில் சேர்த்தது. தடம் மாற முடியாவிட்டால், வேக வரம்பைவிட மணிக்குச் சுமார் 32 கிலோமீட்டர் குறைக்கவேண்டும்.

கோன்களுக்குள் ஏன் காலி இடம்?

வேலை நடக்கும் இடத்துக்கு முன்னால் எச்சரிக்கைப் பலகை இருக்கும். அடுத்து, தடத்தை மெல்ல மூடும்படி கோன்கள் சாய்வாக நிற்கும். அதன் பிறகு கொஞ்சம் வெற்றிடம். "யாருமே இல்லையே, எதுக்கு அடைச்சு வச்சிருக்காங்க?" என்று தோன்றும்.

அந்த இடத்தை வேண்டுமென்றேதான் காலியாக விடுகிறார்கள். கட்டுப்பாடு இழந்த கார், ஊழியர்மீது மோதுவதற்கு முன் நிற்பதற்கான தூரம் அது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 90 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு நொடியில் 25 மீட்டர் ஓடிவிடும். ஒரு நொடி கைப்பேசியைப் பார்த்தாலே போதும், அந்த இடைவெளி கரைந்துவிடும். ஈரச் சாலையில் பிரேக் பிடித்து நிற்க இன்னும் கூடுதல் தூரம் தேவை.

நீங்கள் என்ன செய்யலாம்?

• மின்னும் விளக்கு, கோன், பளபளக்கும் மேலங்கி கண்ணில் பட்டதுமே வேகத்தைக் குறையுங்கள்.

• பாதுகாப்பாக முடிந்தால் தடம் மாறுங்கள். முடியாவிட்டால் மெதுவாகக் கடந்து போங்கள்.

• கோன்களுக்கு நடுவே புகுந்து முந்தாதீர்கள்.

• தேங்கிய நீரில் மெதுவாகப் போங்கள். நீங்கள் கிளப்பும் அலை, ஏணியில் நிற்பவரைத் தடுமாற வைக்கலாம்.

• அறுந்து விழுந்த கம்பியில் மின்சாரம் இருப்பதாகவே நினைத்து விலகி நில்லுங்கள்.

"எப்போ கரண்ட் வரும்?" என்று கேட்கக் காரை ஓரங்கட்ட வேண்டாம். அதற்கு 15454 என்ற எண் இருக்கிறது. சாலையில் நிற்பவர் தம் வேலையை முடித்துவிட்டுப் பத்திரமாக வீடு திரும்பட்டும்.